கறுத்த கையோடு பூ வைக்கப் போனவள்

ஏலே ராசா,

ஸ்ரீவைகுண்டத்தில் அன்றைக்கு என்னதான் நடந்தது என்று நீ போனில் கேட்டபோது, "அடுப்புல பால் இருக்கு, பெறவு பேசுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. உன் பெரியத்தை எனக்கு முந்தியே கத்தாருக்குப் போன் போட்டு, "ஒங்கம்ம கரி பூசுன கையோட போயி மருமவளுக்குப் பூ வச்சிட்டு வந்திருக்கா, மானமே போச்சு" என்று உன்னிடம் ஒப்பாரி வைத்துவிட்டாள் என்று தெரிந்ததும் எனக்குச் சுர்ரென்று வந்தது. அந்தக் கோபத்தோடு பேசினால் பாதியைத்தான் சொல்லியிருப்பேன். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், கொஞ்சம் நீளமாக அனுப்பினாலே நீ படிக்காமல் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு முடித்துவிடுகிறாய். இந்தச் சமயத்தில்தான் எங்கள் படிப்பு மையத்தில் ஆண்டு மலருக்கு ஆளுக்கு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் ஓசோன், பிளாஸ்டிக் ஒழிப்பு என்று எழுதுகிறார்கள். நான் என் மகனுக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். அச்சில் வந்தால் நீ படித்துத்தானே ஆக வேண்டும்? ஊரும் சேர்ந்து படிக்கட்டும். நேற்று நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகை மாதிரியும் பார்த்தேன். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன், மறக்காமல் செய்துவிடு.

உனக்கு முதலிலிருந்தே ஒரு சந்தேகம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்போடு கல்யாணம் ஆகி, உன்னை வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தவள், திடீரென்று எதற்குத் தொலைதூரக் கல்வியில் பி.எஸ்ஸி. வேதியியல் சேர்ந்தாள் என்று. பொழுது போகாமல் சேர்ந்தேன் என்று நீ எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாய். அது இல்லை. நீ கத்தாருக்குப் போன வருடம் நம் தெருவுக்குத் தண்ணீர் சுத்தம் பண்ணும் மெஷின் விற்கிற ஒருவன் வந்தான். கழுத்துப்பட்டை எல்லாம் கட்டியிருந்தான். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, அதற்குள் இரண்டு கம்பியை விட்டுக் கரண்ட் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, சாக்கடை மாதிரி ஆகிவிட்டது. அவன் மெஷின் தண்ணீரில் அதே கம்பியை விட்டான், அது அப்படியே தெளிவாக நின்றது. "இதத்தான் உங்க பிள்ளைங்களுக்குக் குடிக்கக் குடுத்திருக்கீங்க" என்றான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஏதோ ஏமாற்றுகிறான் என்று மனதுக்குத் தெரிகிறது, என்ன ஏமாற்று என்று வாய்க்குத் தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள் நான். அவன் முன்னால் ஊமை மாதிரி நின்றேன். அந்த ஆத்திரத்தில்தான் போய்ச் சேர்ந்தேன்.

முதல் வருடப் பாடம் இரண்டு. பொது வேதியியல் ஒன்று, சுற்றுச்சூழல் வேதியியல் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்லூரியில் வகுப்பும் ஆய்வகமும் நடக்கும். கூடப் படித்தவர்கள் எல்லாம் உன்னைவிடச் சின்னவர்கள். முதல் வாரம் என்னை ஆன்ட்டி என்றார்கள், பிறகு அக்கா என்றார்கள், கடைசியில் எல்லாருக்கும் நான் 'எம்மா' ஆகிப்போனேன். அணுவும் மோலும் முதலில் தலைக்குள் ஏறவே இல்லை. சாம்பாரைக் கிளறிக்கொண்டே சமன்பாட்டைச் சமன் செய்வேன். இந்தப் பக்கம் ஒரு ஆக்சிஜன் கூடினால் அந்தப் பக்கம் இடிக்கும், அதைச் சரி பண்ணிவிட்டுப் பார்த்தால் சாம்பார் அடிப்பிடித்திருக்கும். உங்கப்பா ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டிவிட்டுப் பசியோடு வருகிற மனிதர், தட்டை வாங்கிக்கொண்டு, "இன்னைக்கு என்ன பாடம்ளா?" என்று மட்டும் கேட்பார். மின்னாற்பகுப்புப் பாடம் வந்த அன்றைக்கு நான் புத்தகத்தை வைத்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்த டம்ளரில் வந்த பழுப்பு, தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. அவனுடைய இரும்புக் கம்பிதான் கரண்டில் கரைந்து துருவாக வந்திருக்கிறது. நம் தண்ணீரில் உப்புகள் இருப்பதால் கரண்ட் பாய்ந்தது, அவன் தண்ணீரில் ஒன்றும் இல்லாததால் பாயவில்லை. மறுநாள் காலையில் தெருவில் வீடு வீடாகப் போய் இதைச் சொன்னேன். பாதிப் பேர் அதற்குள் மெஷின் வாங்கிவிட்டார்கள், அவர்களுக்கு நான் சொன்னது பிடிக்கவில்லை.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நான் போடுகிற பருப்பு வேகாது. எவ்வளவு நேரம் வைத்தாலும் கொட்டை கொட்டையாக நிற்கும். அப்போது நமக்குக் குழாய் இணைப்பு இல்லை, போர் தண்ணீர்தான். உன் பெரியத்தை ஒவ்வொரு தடவை வரும்போதும், "பருப்பு வேக வைக்கக்கூடத் தெரியாதவள எங்க புடிச்சாவ" என்று பந்தியில் வைத்தே கேட்பாள். எத்தனையோ நாள் அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன். சுற்றுச்சூழல் வேதியியலில் கடினநீர் என்று ஒரு பாடம். அதை நடத்தும்போது மேடம் சொன்னார், கடினநீரில் கால்சியம் அதிகம், அது பருப்புக்குள் இருக்கும் பெக்டின் என்கிற பசையைப் பிடித்து இறுக்கிக்கொள்ளும், அதனால் பருப்பு லேசில் வேகாது என்று. நான் வகுப்பு என்றும் பார்க்காமல் எழுந்து நின்றுவிட்டேன். "என்னம்மா சந்தேகம்?" என்றார் மேடம். "சந்தேகம் இல்ல மேடம், இப்பத்தான் தீர்ந்துச்சு" என்றேன். அத்தனை நாள் வேகாத பருப்புக்கு நான் காரணம் இல்லை, கால்சியம் காரணம். அடுத்த தடவை உன் பெரியத்தை வந்தபோது அவளை உட்காரவைத்து இந்தப் பாடத்தை முழுசாக நடத்தினேன். கடைசியில் அவள், "அதெல்லாஞ் சரி, உப்புக் கூடிப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டாள்.

இவ்வளவு தெரிந்தவள் முதல் தடவை செய்முறைத் தேர்வில் எப்படிக் கோட்டைவிட்டேன் என்று உனக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. வெட்கம்தான். இப்போது சொல்கிறேன். தண்ணீரில் குளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற கணக்கு. அதற்குச் சில்வர் நைட்ரேட் கரைசலைக் குறித்த அளவுக்கு நீர்க்கச் செய்ய வேண்டும். வகுப்பில் எப்போதும் மேசையிலேயே காய்ச்சி வடித்த தண்ணீர் தயாராக இருக்கும். அன்றைக்கு என் பாட்டில் காலி. ஆய்வக உதவியாளர் அம்மாவிடம் கேட்டேன். அவள் நம்ம ஊர்க்காரி. ஆயிரம் வேலைக்கு நடுவில், "நல்ல தண்ணி ஊத்திக்கிடுங்கம்மா, அங்கன கேன்ல இருக்கு" என்று கையைக் காட்டினாள். நல்ல தண்ணி என்றால் நமக்கு என்ன? போரில் வருவது உப்புத் தண்ணி, ஆற்றிலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணி. அந்தக் கேனில் எத்தனை நாள் தண்ணீரோ, மூடிகூடச் சரியாக இல்லையே என்று பார்த்தேன். என் பையில்தான் காலையில் பிடித்த தாமிரபரணித் தண்ணீர் இருக்கிறதே. அதைவிட நல்ல தண்ணி எது என்று எடுத்து மடமடவென்று குடுவையில் ஊற்றினேன். உள்ளே இருந்த சில்வர் நைட்ரேட் பால் மாதிரி வெளுத்துவிட்டது.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன தண்ணி ஊத்துனீங்க?" என்றார். "நல்ல தண்ணிதான் சார்." "எந்தத் தண்ணி?" "தாமிரபரணித் தண்ணி சார், வீட்டுல இருந்து கொண்டாந்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, அது உங்களுக்கு நல்ல தண்ணி. சில்வருக்கு அது நல்ல தண்ணி இல்ல" என்றார். குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் குளோரைடு எப்படியும் இருக்கும், சில்வர் அதைக் கண்ட உடனே வெள்ளையாகப் படிந்துவிடும். இது எனக்குத் தெரியாததா? பத்துப் பக்கம் எழுதச் சொன்னால் எழுதுவேன். உதவியாளர் அம்மா நல்ல தண்ணி என்றது கேனில் இருந்த காய்ச்சி வடித்த தண்ணீரை, வாயில் பழகிய ஒரு வார்த்தை என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி செய்ய நேரம் இல்லை. முடிவு வந்தபோது தியரி இரண்டிலும் பாஸ், செய்முறைக்கு நேராக ஆர்.ஏ. என்று போட்டிருந்தது. மறுபடி வா என்று அர்த்தம். அடுத்த தடவையும் விட்டால் முதல் வருடத்தையே திரும்பப் படிக்க வேண்டும் என்றார்கள். நான் உன்னிடம் போனில் சொன்னபோது நீ சிரித்தாய். நீ சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை, நானும்தான் சிரித்தேன்.

வருத்தம் பிறகுதான் வந்தது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கோமதியின் சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், பெண்ணும் கண்ணுக்கு லட்சணம். நம் குழாயில் வருகிற தண்ணீர் அந்த ஊர் அணைக்கட்டிலிருந்துதான் வருகிறது என்பதில் எனக்குத் தனியாக ஒரு சந்தோஷம். பெண் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தவள், அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று கேட்டதும் நான் குதிக்காத குறை. அப்போதுதான் நீ போனில் மெதுவாக இழுத்தாய். "எம்மா, அவ கெமிஸ்ட்ரியில ஃபர்ஸ்ட் கிளாஸு. நீ பிராக்டிகல்ல ஆர்.ஏ.ன்னு தெரிஞ்சா மருமவகிட்ட ஒனக்கு என்ன மரியாத இருக்கும்? நீ படிக்கதையே இப்பம் சொல்லாண்டாம். கல்யாணம் முடியட்டும்மா, பெறவு பாத்துக்கிடலாம்" என்றாய். எனக்காகத்தான் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வலித்தது ராசா. உன்னை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியபோது நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். நான் படிக்கப் போவதை நீ மறைக்கச் சொல்கிறாயே என்று இருந்தது. சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த இடி, தேதி. பூ வைக்க அவர்கள் பார்த்துச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எனக்கு மறுதேர்வு. உனக்கு அக்கா தங்கை இல்லை, மாப்பிள்ளையின் அம்மாவாக நான்தான் பெண்ணுக்குப் பூவும் குங்குமமும் வைக்க வேண்டும். உன் பெரியத்தை நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டு, "பரிட்ச அடுத்த வருசமும் வரும், இந்த மாதிரி எடம் வருமா? மாப்பிள்ளைக்கு அம்ம பரிட்ச எழுதப் போயிட்டான்னு சொன்னா ஊரு வாயால சிரிக்காது" என்றாள். நான் சொன்னேன், "மைனி, பூ சாயங்காலமும் வைக்கலாம். பரிட்ச சாயங்காலம் வைக்க மாட்டாவ." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உங்கப்பா அதுவரை பேப்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்ச் சம்பந்திக்குப் போன் போட்டார். "அண்ணாச்சி, சாயங்காலமா வச்சிக்கிடுவமா? வீட்ல அவளுக்குக் காலையில ஒரு சோலி இருக்கு" என்றார். அந்தப் பக்கம் உடனே சரி என்றுவிட்டார்கள். இவ்வளவு நேரம் நாங்கள் மல்லுக்கட்டியது எல்லாம் எதற்கு என்று ஆகிவிட்டது.

தேர்வன்று திரும்பி வந்து உடுத்திக்கொண்டு கிளம்ப நேரம் இருக்காது என்று, அரக்குப் பட்டைக் கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து, மேலே வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கூடப் படிக்கிற பிள்ளைகள், "எம்மா, பரிட்சைக்கா கல்யாணத்துக்கா?" என்றார்கள். "ரெண்டுக்கும்தான்" என்றேன். இந்தத் தடவையும் குளோரைடுதான் வந்தது. அதே உதவியாளர் அம்மா நின்றாள். "நல்ல தண்ணி அங்கன இருக்கும்மா" என்று அவள் ஆரம்பித்ததுமே, "நல்ல தண்ணி வேண்டாம், காய்ச்சி வடிச்ச தண்ணிய காட்டு தாயி" என்றேன். அவள் காட்டியதையும் நான் நம்பவில்லை. ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் பிடித்து, ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியாக நின்றது. புதிதாக வந்திருந்த தேர்வாளர் அம்மா தூரத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். அப்போதே பாதிக் கிணறு தாண்டிவிட்டேன்.

மீதிப் பாதியில், கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிற ப்யூரெட் காலை வாரப் பார்த்தது. திருகு ஒழுகுகிறது. மூடி வைத்திருக்கும்போதே சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஒழுகுகிற ப்யூரெட்டில் எடுக்கிற அளவு எதற்கு ஆகும்? கரைசலைத் திரும்பக் கொட்டிவிட்டு, திருகைக் கழற்றி, வெறும் கையால் நன்றாகத் துடைத்து, வாஸ்லைன் தடவி மாட்டினேன். கை எல்லாம் சில்வர் நைட்ரேட். பட்டில் படக்கூடாது என்ற நினைப்பில் அவசர அவசரமாகத் தண்ணீரில் காட்டிவிட்டுக் கணக்கில் இறங்கிவிட்டேன். குரோமேட் சேர்த்து மஞ்சளாகியிருந்த தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து விழுந்துகொண்டே வந்து, ஒரே ஒரு சொட்டில், குளோரைடு தீர்ந்தது என்று காட்டுகிற எண்ட் பாயிண்ட்டாகச் செங்கல் நிறம் வந்து நிலைத்து நின்றது பார், அந்த ஒரு சொட்டுக்காக இன்னும் எத்தனை வருடம் வேண்டுமானாலும் படிக்கலாம். மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் ஒரே அளவு. வாய்மொழித் தேர்வில் அந்த அம்மா கேட்டார், "சில்வர் நைட்ரேட்டை ஏன் பழுப்பு பாட்டில்ல வைக்கிறோம்?" பட்டென்று சொன்னேன், "வெளிச்சம் பட்டா வெள்ளி பிரிஞ்சி கறுத்துரும் மேடம்." வெளியே காரோடு நின்ற உங்கப்பாவிடம் துள்ளிக் குதித்து ஓடினேன். என் கை அப்போது சுத்தமாகத்தான் இருந்தது.

மத்தியான வெயில் உனக்குத் தெரியும். முத்தையாபுரம் தாண்டி உப்பளத்து வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. நான் சன்னலில் வலது கையை வைத்துக்கொண்டு, காற்று வாங்கிக்கொண்டு, பின்சீட்டில் இருந்த உன் பெரியத்தைக்கு என் வெற்றியை விளக்கிக்கொண்டு வந்தேன். ஏரல் பாலத்தில் ஏறும்போது அவள்தான், "ஏளா, கையில என்ன?" என்றாள். பார்த்தால் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் அடுப்புக்கரி. நகக்கண் எல்லாம் கறுப்பு. தேர்வாளர் கேட்டதற்கு அவ்வளவு அழகாகப் பதில் சொல்லிவிட்டு வந்த வாய் எனக்கு, கை மட்டும் பாடத்தைப் படிக்கவில்லை. காரை நிறுத்தி எலுமிச்சம்பழம் வாங்கித் தேய்த்தோம், சோப்பு போட்டோம், தேங்காய் எண்ணெய் போட்டோம். ஒன்றுக்கும் அசையவில்லை. தோல் உரிந்துதான் போகும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் தேய்த்தேன். உன் பெரியத்தை தலையில் கை வைத்துவிட்டாள். "கரிக்கையால குங்குமம் வைப்பியா? மருதாணின்னு சொல்லிருவோம். நீ வாயத் தொறக்காத" என்றாள். நீ சொன்னதும் ஞாபகம் வந்தது. சரி என்றுதான் நானும் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு இறங்கினேன்.

கூடம் நிறைய ஆட்கள். கோமதியைக் கொண்டுவந்து மணையில் உட்காரவைத்தார்கள். பூவை இடது கையில் வைத்துக்கொண்டு எப்படியோ சமாளித்துச் சூட்டிவிட்டேன். குங்குமச் சிமிழை நீட்டினார்கள். இடது கையால் வைக்க முடியுமா? வலது கையை வெளியே எடுத்தேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கோமதியின் அத்தை ஒருத்தி, "இது என்னது, விரலெல்லாம் இப்படிக் கறுத்துக் கெடக்கு? சொகமில்லையா மைனி?" என்றாள். உன் பெரியத்தை முந்திக்கொண்டு, "மருதாணி. செவக்காம கறுத்துட்டு" என்றாள். அவளுக்கே அவள் சொன்னதில் நம்பிக்கை இல்லை. அப்போது குனிந்திருந்த கோமதி என் விரலைப் பார்த்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சில்வர் நைட்ரேட்டா அத்தை?" என்றாள்.

அவள் கேட்ட மாதிரி ஒருவரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை ராசா. கேலி இல்லை, இரக்கம் இல்லை. தெரிந்தவள் தெரிந்தவளிடம் கேட்கிற கேள்வி. நான் தலையை ஆட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். எனக்கு அது போதவில்லை. சத்தமாகவே சொன்னேன். "ஆமா. நான் காலேஜ்ல பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்கேன். காலையில பிராக்டிகல் பரிட்ச எழுதிட்டு நேரா இங்கன வாரேன். போன தடவ ஃபெயிலு, இது ரெண்டாம் தடவ." உன் பெரியத்தை கண்ணை மூடிக்கொண்டாள். கோமதி இப்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள், "எண்ட் பாயிண்ட் ஒழுங்கா வந்துச்சா அத்தை?" "வந்துச்சும்மா. மூணு தடவையும் ஒரே ரீடிங்." "பழுப்பு பாட்டில்ல வைக்க வேண்டியதக் கையில வச்சிட்டியளே" என்று சிரித்தாள். அவள் காலேஜில் படிக்கும்போது இதே கையால் மூக்கைச் சொறிந்துவிட்டு, மூக்கு நுனி கறுத்து, பல நாள் கைக்குட்டையால் மூடிக்கொண்டு பஸ்ஸில் போனாளாம். அவள் அப்பா அப்போதுதான், "ஏட்டி, அதுக்குத்தானா அன்னைக்கு ஜலதோசம்னு சொன்ன?" என்றார். வீடே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் என் கறுத்த விரலால் என் மருமகள் நெற்றியில் குங்குமம் வைத்தேன். பிறகு காபி குடிக்கும்போது சம்பந்தி, "எங்க ஊரு தண்ணியில ஏதும் கொறை உண்டா தங்கச்சி?" என்று கேட்டார். "குடிக்கதுக்கு ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி, சில்வர் நைட்ரேட்டுக்குத்தான் ஆகாது" என்று சொல்லி, நல்ல தண்ணி ஊற்றித் தோற்ற கதையை நானே முழுசாகச் சொன்னேன். இதுதான் நடந்தது. உன் பெரியத்தை சொன்ன மானம் அங்கே ஒரு இடத்திலும் போகவில்லை.

இனி உனக்கு. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு அம்மா ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா. நீ கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற கம்பெனியில் வேலை பார்க்கிறாய். நான் ஃபெயிலான பாடத்தில்தான் உனக்குச் சம்பளம். அதனால் உனக்கு இது சீக்கிரம் புரியும். கோமதி வீட்டில் நல்லது என்று ஒன்றைச் சொல்வார்கள், நம் வீட்டில் அதே வார்த்தைக்கு வேறொன்று இருக்கும். சீக்கிரம் எழுந்திருப்பது, செலவு பண்ணுவது, பேசாமல் இருப்பது, எல்லாவற்றுக்கும் அப்படித்தான். அவள் ஒன்றைச் சொன்னால் உனக்குத் தெரிந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டு மடமடவென்று ஊற்றிவிடாதே. எந்தத் தண்ணி என்று ஒரு வார்த்தை கேள். கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை, கேட்காமல் ஒரு தேர்வைக் கோட்டைவிட்டவள் சொல்கிறேன். கத்தாரில் அவள் வைக்கிற பருப்பு வேகவில்லை என்றால் முதலில் தண்ணீரைப் பார், பிறகு அவளைப் பார். அப்புறம், அவள் எதிலாவது தோற்றுவிட்டு வந்தால் ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று மூடி வைக்காதே. அவளே சொல்லிச் சிரிக்கட்டும், பக்கத்தில் நின்று நீயும் சிரி. உங்கப்பா எனக்கு அதைத்தான் செய்தார். அவர் ஒரு நாளும் எனக்குப் பாடம் சொல்லித்தரவில்லை, அடிப்பிடித்த சாம்பாரைத் தின்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

போன வாரம் முடிவு வந்தது. ஆர்.ஏ. இருந்த இடத்தில் இப்போது பாஸ். செய்முறையில் எங்கள் மையத்திலேயே எனக்குத்தான் அதிக மார்க் என்று மேடம் சொன்னார். நான் முதலில் சொன்னது உங்கப்பாவிடம். அவர் டிரெய்லரை ஓரங்கட்டிவிட்டுப் பேசினார், "தெரியும்ளா" என்றார், அவ்வளவுதான். அடுத்ததாகக் கோமதிக்குச் சொன்னேன். அவள் உனக்குச் சொல்லியிருக்கிறாள் போல. நேற்று நீ அனுப்பிய பத்திரிகை மாதிரியில் உன் பேருக்குப் பின்னால் டி.எம்.இ., அவள் பேருக்குப் பின்னால் பி.எஸ்ஸி., அது வழக்கம்தான். மேலே பெற்றோர் வரியில் உங்கப்பா பேருக்குப் பக்கத்தில், என் பேருக்குப் பின்னால் நீ பி.எஸ்ஸி. என்று போட்டிருந்தாய். மறைக்கச் சொன்ன பிள்ளை ஊருக்கெல்லாம் கொடுக்கிற பத்திரிகையில் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறான். நான் அழுதேன். உங்கப்பா போனை வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஆனால் ராசா, அதை எடுத்துவிடு. இதுதான் நான் சொன்ன திருத்தம். நான் தாண்டியிருப்பது ஒரு வருடம், இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கிறது. செங்கல் நிறம் நிலைத்து நிற்பதற்கு முன்னால் திருகை மூடிவிட்டு அளவை எழுதக் கூடாது. இந்தப் பத்திரிகையில் என் பேர் சும்மா இருக்கட்டும். நீயும் கோமதியும் பிள்ளையைப் பெற்று, அதற்குக் காதுகுத்துப் பத்திரிகை அடிப்பீர்கள் பார், அதில் போடு. அதற்குள் வாங்கிவிடுவேன். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் என் நகத்தில் மிச்சம் இருக்கிற கறுப்பைப் பார்த்துக் கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் வருடத்துக்குப் புத்தகம் வாங்கிவிட்ட உன் அம்மா